காவலே பகையானால்

1901ஆம் ஆண்டு மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆய்வுக் கப்பலில் சார்லஸ் ரிசே, பால் போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிவியலாளர் இருவர் பயணம் செய்தனர். கடல் உயிரிகளின் நஞ்சை ஆராய்வது அவர்களது நோக்கம். நாடு திரும்பியபின், கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்திப் பார்த்தனர். நெப்டியூன் என்னும் நாய்க்கு முதன்முறை எந்தத் தீங்கும் நேரவில்லை. ஒருமுறை தாங்கிய உடல் மறுமுறை எளிதில் தாங்கும் என்பதே அக்காலத்து எதிர்பார்ப்பு. ஆனால், 22 நாள் கழித்து அதே அளவு நஞ்சைச் செலுத்தியதும் நெப்டியூன் மூச்சுத் திணறி விழுந்தது. 25 நிமிடங்களில் இறந்தது.

காப்புக்கு எதிரானது என்னும் பொருள்பட, இந்நிகழ்வுக்கு 'அனாபிலாக்சிஸ்' என்று ரிசே பெயரிட்டார். 1913இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது; உடனுழைத்த போர்த்தியேவுக்குக் கிடைக்கவில்லை.

நாயைக் கொன்றது நஞ்சன்று. அதன் உடலிலிருந்த காவற்படையே. தோல், மூச்சுக்குழல், குடல் ஆகிய எல்லைப்புறங்களில் 'மாஸ்ட் செல்' என்னும் அணுக்கள் காவல் இருக்கின்றன. ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்கள் நிறைந்த நுண்பைகள் அவற்றினுள் உள்ளன. சிலருடைய உடல், வேர்க்கடலை, இறால், குளவிக்கொடுக்கின் நஞ்சு போன்றவற்றைப் பெரும்பகையெனத் தவறாகக் கருதி, 'ஐ.ஜி.இ.' என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. இதனை 1966இல் கண்டறிந்து கூறியவர்கள் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்னும் ஜப்பானியக் கணவனும் மனைவியும் ஆவர். இவ்வெதிர்ப்பொருள் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதுவரை நோய்க்குறி எதுவும் தோன்றாது.

அதே பொருள் மீண்டும் உள்ளே வந்து எதிர்ப்பொருள்களைப் பற்றியதும் நுண்பைகள் வெடித்துத் திறக்கின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது. மூக்கில் மட்டும் நிகழ்ந்தால் தும்மலோடு போய்விடும். உடலெங்கும் ஒருசேர நிகழ்ந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் ஊசலாடும். ஒவ்வாமை உள்ள தோழனிடம், "ஒரு துண்டு கடலைமிட்டாய் தின்றால் என்ன?" என்று வற்புறுத்துவோர் உண்டு. நெப்டியூனுக்குச் செலுத்தியதும் சிறிதளவே.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசிவழிச் செலுத்தப்படும் இம்மருந்து, விரிந்த குழாய்களைச் சுருக்கி, சுருங்கிய மூச்சுக்குழலை விரிக்கும். மாஸ்ட் செல்களையும் அடக்கும். ஒவ்வாமை மாத்திரை அரிப்பைத் தணிக்குமேயன்றி அடைபட்ட மூச்சைத் திறக்காது. மாத்திரையை நம்பிக் காத்திருந்து காலம் கடத்துவதே பெருந்தவறு. ஊசி போட்ட பின்னும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். குறிகள் மீண்டும் தோன்றக்கூடும்.

வருமுன் காக்கும் வழிகளும் பிறந்துள்ளன. ஒமலிசுமாப் என்னும் மருந்து, ஐ.ஜி.இ. மாஸ்ட் செல்லில் ஒட்டுமுன்பே அதனைப் பிடித்துக்கொள்கிறது. உணவு ஒவ்வாமைக்கு இதனைப் பயன்படுத்த அமெரிக்கா 2024இல் ஒப்புதல் அளித்தது. ஆயினும், மருந்து பெறுவோரும் ஒவ்வாத உணவைத் தவிர்த்தே ஆகவேண்டும். தவறி உண்ணும் சிறு அளவு உயிரைப் பறிக்காமல் தடுப்பதே இம்மருந்தின் பயன். கடுகளவினும் குறைவான வேர்க்கடலைப் பொடியில் தொடங்கி, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டி உடலைப் பழக்குவது மற்றொரு முறை. மருத்துவர் அருகிலிருக்க, அட்ரினலின் ஊசியும் ஆயத்தமாக இருக்கும்போதே முதல் அளவைக் கொடுப்பர்.