மொழியே புணை

ஸ்ரீவில்லிபுத்தூரினின்று இராசபாளையம் செல்வோர் தமிழோடு தெலுங்கையும் கேட்பர். இரண்டும் அறிந்தான் அங்கே அயலான் ஆகான். மொழியறியாதான் படும் துயரை விளக்குவது ‘லாஸ்ட்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி மர்ம நாடகம். 2004 முதல் 2010 வரை ஒளிபரப்பாகிய அது, இல்லத்தில் இருந்தே காண்டற்கு டி.வி.டி. வட்டுகளாகவும் வெளிவந்தது.

விமானம் வீழ்ந்து தீவில் அகப்பட்டோருள் ஜின் என்னும் கொரியன் ஆங்கிலம் அறியான். கைக்கடிகாரம் ஒன்றன் பொருட்டு மைக்கேல் என்பானைத் தாக்குகின்றான். காரணம் உரைக்க இயலாமையின் விலங்கிடப்படுகின்றான். அவன் மனைவி சன், கணவனும் அறியாமல் தான் கற்றிருந்த ஆங்கிலத்தால் மைக்கேலுக்கு உண்மை உணர்த்துகின்றாள். அதன்பின்னரே ஜின் விடுபடுகின்றான். இஃதறிந்தபின் வட்டினை மீண்டும் இட்டு முற்பகுதிகளைக் காணின், அவள் மௌனம் புதுப்பொருள் தருகின்றது.

மணிமேகலையில் வரும் சாதுவனும் கலம் உடைந்து, ஒடிந்த மரம் பற்றி நாகர் மலையை அடைந்தவனே. கொல்ல வந்த நாகர், அவன் தம் மொழி பேசக் கேட்டு விலகித் தொழுதனர். தலைவன்பால் அழைத்துச் சென்றனர். முதலில் அவன் உயிரைக் காத்தது மரம். பின்னர்க் காத்தது மொழி.

நண்பர்காள்! வேற்றுமொழி மாணவர் நம் விடுதிக்கு வரின், அவர்தம் மொழியில் ஒரு சொல்லேனும் கற்று வரவேற்போமாக. அவர்க்கு அதுவே கரையாகும்.