தலைக்கவசமும் லாப நஷ்டக் கணக்கும்

விடியற்காலையில் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்கும், பகலில் கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்கும் இரு சக்கர வாகனத்தில் வந்துபோகும் நம் வணிகர்களைக் கவனித்தோம். பலருக்குத் தலைக்கவசம் வண்டிக் கண்ணாடியில் தொங்குகிறது. போலீஸ்காரரைக் கண்டால்தான் தலைக்கு ஏறுகிறது. சிலர் மட்டும் யாரும் கேட்காத சந்திலும் அணிந்தே வருகிறார்கள். அவர்களிடம் காரணம் கேட்டோம்.

ஒருவர்கூட அபராதத்தைச் சொல்லவில்லை. “பாக்கிக் கணக்கு என் தலைக்குள் இருக்கிறது, வங்கிக் கடன் என் பெயரில் இருக்கிறது. நான் படுத்தால் கடையும் படுத்துவிடும்” என்றார் ஒரு மளிகைக் கடைக்காரர். தம்பியை விபத்தில் பறிகொடுத்த ஒருவர், பேசாமல் பட்டையை மாட்டிக் காட்டினார். தூசிக்கும் மழைக்கும் பயந்து அணியத் தொடங்கி, அதுவே பழக்கமாகிவிட்டது என்றார் மற்றொருவர்.

இவர்கள் போட்ட கணக்கு சரிதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான அறிக்கை, தலைக்கவசம் மரண அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைப்பதாகக் கூறுகிறது.

ஓட்டுக்கு உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்கு நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஆகவே ஒருமுறை பலமாக அடிபட்டதை மறுபடி அணியக் கூடாது. தாடைப் பட்டையை மாட்டாவிட்டால், விழும்போது கவசம் தனியே கழன்று ஓடிவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல், முத்திரை இல்லாததை விற்பதற்கே தடை உள்ளது.

“பக்கத்துத் தெருதானே”, “வெயிலில் வியர்க்கிறதே” என்பார்கள். வியர்வையைத் துடைத்துக்கொள்ளலாம். விபத்துக்கோ பக்கத்துத் தெரு, தூரத்துத் தெரு என்ற பேதம் கிடையாது.

கடைக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுக்கிறோம்; ஷட்டருக்கு இரண்டு பூட்டுப் போடுகிறோம். அந்தக் கடையை நடத்தும் தலையைத் திறந்து போட்டுவிட்டுப் போகலாமா? நம் கடைச் சரக்கை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் பையன்களும் ஒரு வீட்டின் பிள்ளைகளே. இந்த மாதச் செலவுக் கணக்கில் அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு நல்ல தலைக்கவசத்தை எழுதிக்கொள்வோம். நஷ்டம் தராத செலவு அது.