ஆண்டு இறுதி விடுமுறை: கையைக் கடிக்காமல் சிங்கப்பூர் சென்று வருவது எப்படி?

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை வந்து விட்டாலே, "எங்கே போகிறோம்?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கி விடுகிறார்கள். "எவ்வளவு ஆகும்?" என்பது பெற்றோரின் கவலை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்காமலேயே பல வீடுகளில் விடுமுறை கழிந்து விடுகிறது. வேறு சில குடும்பங்களோ கடன் அட்டையை நம்பி ஊர் சுற்றி விட்டு, மாதக் கணக்கில் அந்தக் கடனைக் கட்டுகின்றன.

இப்போது இன்னொரு சுமையும் சேர்ந்துள்ளது. சில ஆண்டுகளாக மார்ச் அல்லது பிப்ரவரியில் தொடங்கி வந்த மலேசியப் பள்ளித் தவணை, 2026 முதல் மீண்டும் ஜனவரிக்கு மாறி விட்டது. டிசம்பரில் சுற்றுலா என்றால், அடுத்த மாதமே சீருடை, காலணி, புத்தகப் பை, பள்ளி வேன் கட்டணம் என்று செலவு வரிசையாக நிற்கும். ஆகவே, ஜனவரிக்குத் தேவையான பணத்தை முதலில் ஓர் உறையில் எடுத்து வைத்து விட வேண்டும். மிச்சம் இருப்பதே சுற்றுலாப் பணம். ஊரை முடிவு செய்து விட்டுப் பணம் தேடுவதை விட, தொகையை முடிவு செய்து விட்டு ஊரைத் திட்டமிடுவதே நல்லது.

"நமக்குக் கட்டுப்படியாகாது" என்று பலரும் ஒதுக்கி விடும் சிங்கப்பூரையே எடுத்துக் கொள்வோம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருப்பதால் அந்தப் பயம் இயல்பானதே. ஆனாலும் முறையாகத் திட்டமிட்டால் நடுத்தரக் குடும்பமும் அந்த நகரத்தைப் பார்த்து வர முடியும்.

தங்குவது எங்கே?

பணத்தை அதிகம் விழுங்குவது தங்கும் விடுதிதான். ஜோகூர் பாருவில் தங்கிக் கொண்டு, பகலில் சிங்கப்பூர் சென்று இரவில் திரும்பினால் விடுதிச் செலவு ரிங்கிட்டிலேயே முடிந்து விடும். உறவினர் வீடு இருந்தால் இன்னும் நல்லது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலும், வார இறுதிகளிலும் விடுதிகளில் கூட்டமும் கட்டணமும் கூடும். செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாள்களைத் தேர்ந்தெடுப்பது நலம்.

எல்லையைக் கடக்கும் நேரமும் முக்கியம். விடியற்காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோரின் கூட்டம் கடற்பாலத்தை அடைத்துக் கொள்ளும். மாலையில் அதே கூட்டம் திரும்பும். காலை நெரிசல் தணிந்த பிறகு புறப்பட்டு, இரவு உணவுக்குப் பிறகு திரும்பும் குடும்பம் வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைத்துக் கொள்ளலாம். சொந்தக் காரில் சென்றால் நுழைவு அனுமதி, சாலைக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேரும். லார்க்கினிலிருந்து புறப்படும் 170 எண் பேருந்து, நகரின் குவீன் ஸ்திரீட் வரை செல்கிறது. இரு பக்கச் சோதனைச் சாவடிகளிலும் பைகளோடு இறங்கி ஏற வேண்டும் என்பதால், மூட்டை முடிச்சைக் குறைத்துக் கொள்வது நல்லது.

மறக்கக் கூடாதவை

அனைவரின் கடப்பிதழும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் கடப்பிதழைப் பெற்றோர் முன்கூட்டியே எடுத்துப் பார்த்து விட வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையைச் சென்று சேரும் நாள் உட்பட மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் அதிகாரப்பூர்வ அகப்பக்கத்தில் இது இலவசம். கட்டணம் கேட்கும் அகப்பக்கங்களில் பணத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம். மின்சிகரெட் அங்கே முற்றிலும் தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கு இல்லை. சூயிங்கம்மும் கொண்டு செல்லக் கூடாது.

ஒரு நாள் கணக்கு

பெற்றோர், இரண்டு பிள்ளைகள் என நால்வர் செல்வதாக வைத்துக் கொள்வோம். உணவங்காடி நிலையத்தில் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 6 வெள்ளி என்றால், இரண்டு வேளைக்கு 48 வெள்ளி. ரயில், பேருந்துக்கு 20 வெள்ளி. பானம், தின்பண்டத்திற்கு 12 வெள்ளி. மொத்தம் 80 சிங்கப்பூர் வெள்ளி. ஒரு வெள்ளி 3 ரிங்கிட் 30 சென் என்று கணக்கிட்டால் 264 ரிங்கிட். செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டூடியோசில் ஒரு பெரியவரின் நுழைவுச் சீட்டே 80 வெள்ளியைத் தாண்டும். நான்கு பேர் ஒரு நாள் முழுவதும் சுற்றும் பணம் அங்கே ஒருவரின் வாசல் கட்டணமாகி விடுகிறது. அங்கே போகவே கூடாது என்பதல்ல. போவதென்றால் அந்த ஒன்றை மட்டும் வைத்துக் கொண்டு, மற்ற இடங்களை இலவசமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால், ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி கொண்டு சென்றால் அந்தச் செலவும் மிச்சம். ஆனால் ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் அபராதம் உண்டு.

கட்டணமின்றிக் காணக் கூடியவை

பெருவிரைவு ரயிலின் டௌன்டவுன் தடத்திலேயே மூன்று நல்ல இடங்கள் இருக்கின்றன. ரயில் மாற வேண்டியதில்லை. 1859-இல் தொடங்கப்பட்டு, 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பூமலைக்கு முதலில் செல்லலாம். ஆர்க்கிட் தோட்டத்தைத் தவிர மற்ற பகுதிகளுக்குக் கட்டணம் இல்லை. அடுத்து லிட்டில் இந்தியா. தேக்கா நிலையத்தில் மதிய உணவை முடித்துக் கொண்டு, சிராங்கூன் சாலையில் நடக்கலாம். நண்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதால், வழிபாட்டிற்கு நேரம் கேட்டு அறிந்து செல்ல வேண்டும்.

மாலையில் பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்கினால் கரையோரப் பூந்தோட்டங்கள். கண்ணாடிக் கூடங்களுக்குக் கட்டணம் உண்டு. ராட்சத மரங்களின் ஒளி, இசைக் காட்சி இரவு 7.45-க்கும் 8.45-க்கும் இலவசமாக நடைபெறுகிறது. இதைப் பார்த்து விட்டு அதே தடத்தில் ரோச்சோர் நிலையத்தில் இறங்கினால், ஊர் திரும்பும் பேருந்து நிலையம் நடக்கும் தூரத்தில்தான்.

செலவு கூடும் என்றும், நடக்க முடியாது என்றும் தாத்தா பாட்டியை வீட்டில் விட்டுச் செல்வது பல குடும்பங்களில் நடக்கிறது. ரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு. பூமலையில் நிழலுக்கும் குறைவில்லை. ஓர் இடத்தைக் குறைத்துக் கொண்டால் அவர்களும் வந்து விடலாம்.

பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும். ஆளுக்கு 10 வெள்ளியைக் கையில் கொடுத்து, "வேண்டியதை வாங்கிக்கொள், இதற்கு மேல் கிடையாது" என்று சொல்லி விட்டால், கடைக்குக் கடை நின்று அடம் பிடிப்பது குறையும். பணத்தின் அருமையும் புரியும்.

திரும்பி வந்து பைகளைப் பிரிக்கும்போது, பிள்ளைகள் பார்த்ததைப் பேசிக் கொண்டிருக்க வேண்டும். ஜனவரிக்கென்று எடுத்து வைத்த உறையும் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்க வேண்டும்.