மூடுபனியில் வண்டி விளக்கு

மாணவர்களே, பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அடர்ந்த மூடுபனி அரிது. மார்கழி விடியலில் சில நாள்கள் நெய்யாற்றின்மீது மெல்லிய வெண்படலம் தவழும். வெயில் ஏறியதும் மறையும். ஆனால், நம் மாவட்டத்திலேயே உள்ள பொன்முடிக்குச் சென்றவர்கள் உண்மையான மூடுபனியைக் கண்டிருப்பர். ஏறத்தாழ 1100 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்கு 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும்.

ஒருமுறை நானும் சில ஆசிரியர்களும் வேனில் அம்மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பிற்பகல் மூன்று மணிதான் இருக்கும். ஒரு வளைவில் மூடுபனி சூழ்ந்தது. சாலையோரக் கல்லும் தெரியவில்லை. “அண்ணா, பிரைட் போடுங்கள்” என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். ஓட்டுநர் ஒரு நொடி போட்டுக் காட்டினார். எங்கள் முன்னே வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது போலிருந்தது. அவர் மீண்டும் டிம் செய்தார். சாலையின் வெள்ளைக் கோடு புலப்பட்டது. ஒளி மிகுந்தபோது பார்வை குறைந்தது ஏன்?

மூடுபனி என்பது தரையைத் தொட்டு நிற்கும் மேகமே. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து நுண்துளிகளாக மிதக்கிறது. ஒளி ஒவ்வொரு துளியிலும் பட்டுச் சிதறுகிறது. முகப்பு விளக்கை உயர்த்தி வைத்தால், ஓட்டுநரின் பார்வைக்கு நேரே உள்ள துளிகள் எல்லாம் ஒளிர்கின்றன. அவ்வொளியின் ஒரு பகுதி அவர் கண்ணுக்கே திரும்புகிறது. அதனால்தான் மூடுபனி விளக்கை பம்பரின் கீழ்ப்பகுதியில் பொருத்துகின்றனர். அதன் ஒளி மேலே எழாமல், தட்டையாகவும் அகலமாகவும் பரந்து, சாலையின் ஓரங்களைக் காட்டும். வீட்டில் சாம்பிராணிப் புகை போடும்போது டார்ச் விளக்கை முதலில் கண்ணருகிலும் பிறகு இடுப்பளவிலும் பிடித்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்று பலர் நம்புகின்றனர். துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எனவே எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கின்றன. நிறத்தைவிட விளக்கு இருக்கும் இடமே முதன்மையானது. (உங்கள் மலையாள நண்பர்கள் மூடுபனியை ‘மூடல்மஞ்ஞு’ என்பர். இலக்கியத் தமிழில் ‘மஞ்சு’ என்றால் மேகம். மஞ்சள் நிறம் வேறு!)

மூடுபனி விளக்கு அருகில் உள்ளதையே காட்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் செல்கிறது. 20 மீட்டர் மட்டுமே தெரிந்தால், ஓட்டுநருக்குக் கிடைப்பது இரண்டு நொடிகூட இல்லை. தில்லிப் பக்கத்திலிருந்து ஆக்ரா செல்லும் யமுனை விரைவுச்சாலையில், பனிக்காலத்தில் கார்களின் உச்ச வேகத்தை 100 கிலோமீட்டரிலிருந்து 75 ஆகக் குறைப்பது இதனால்தான்.

நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டபடி ஓட்டுவது இங்குப் பலரின் வழக்கம், அது தவறு. வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா, எப்பக்கம் திரும்பப்போகிறது என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. சாலையோரம் நிறுத்திய வண்டிக்கே அது உரியது. பகலாயினும் முகப்பு விளக்கை டிம்மில் போட்டால், சிவப்புப் பின்விளக்கும் சேர்ந்து எரியும். பின்னால் வருபவருக்கு வண்டி இருப்பதை அறிவிப்பது அதுவே.

உங்களில் சிலருடைய தந்தையர் நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் காய்கறி ஏற்றி, விடியுமுன் களியக்காவிளை வழியாக வருபவர்கள். இன்று மாலை அப்பாவுடன் வண்டியின் பின்புறம் நின்று பாருங்கள். இரு பின்விளக்குகளும் எரிகின்றனவா, அவற்றின்மீது சேறு படிந்துள்ளதா என்று பார்த்து, கீழுள்ள இடத்தில் எழுதுக.