சினிமாப் பெயரில் குண்டு விளையாட்டு!

தடையை நீக்கியது ஒரே ஆட்டம்

பூட்டுக்குப் பெயர் போன ஊர் திண்டுக்கல். பூட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நெம்புகோல் இருக்கும், ஸ்பிரிங் இருக்கும். இதே ஸ்பிரிங்கையும் நெம்புகோலையும் வைத்து, அமெரிக்காவில் ஒரு விளையாட்டு எந்திரம் செய்தார்கள். அதன் பெயர் "பின்பால்".

சாய்வான ஒரு பெட்டி. மேலே கண்ணாடி. உள்ளே 80 கிராம் எடையுள்ள இரும்புக் குண்டு. காசு போட்டு, ஸ்பிரிங் பிடியை இழுத்து விட்டால் குண்டு பாயும். அங்கும் இங்கும் மோதும். விளக்கு எரியும், மணி அடிக்கும், எண்ணிக்கை ஏறும்.

குண்டு உருண்டு கீழே வரும்போது, பக்கத்தில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். உடனே உள்ளே ஒரு "துடுப்பு" துள்ளி, குண்டைத் திருப்பி அடிக்கும். தவற விட்டால் குண்டு பள்ளத்தில் விழும். அந்தக் குண்டு போச்சு!

சூதாட்டமா?

துடுப்பு வந்தது 1947-ல்தான். அதற்கு முன் குண்டு போனதே போக்கு. ஆகவே, "இது சூதாட்டம்" என்று நியூயார்க் நகரம் 1942-ல் தடை போட்டது. மேயர் லா கார்டியாவே சம்மட்டி எடுத்து எந்திரங்களை உடைத்தார்.

துடுப்பு வந்த பிறகும் தடை நீங்கவில்லை. 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர், இது திறமை விளையாட்டு என்று காட்ட நகர சபையினர் முன் வந்தார். ஒரு எந்திரத்தை விட்டு, மற்றொரு எந்திரத்தில் அவரை ஆடச் சொன்னார்கள். குண்டு எந்த வழியாகப் போகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஸ்பிரிங்கை இழுத்து விட்டார். சொன்ன வழியிலேயே குண்டு போயிற்று! தடை நீங்கியது.

குண்டை விழுங்கும் டைனோசர்

பிறகு சினிமா உள்ளே புகுந்தது. விஞ்ஞானக் கதைப் படங்களின் உரிமையை வாங்கி, அந்தக் கதையையே எந்திரத்துக்குள் வைத்தார்கள். வேற்றுக்கிரகவாசிகள் வரும் "குளோஸ் என்கவுண்டர்ஸ்" படத்தின் எந்திரம் 1978-ல் வந்தது. தடையை நீக்க உதவிய ஷார்ப், பின்னாளில் சிகாகோ நகரில் உள்ள வில்லியம்ஸ் கம்பெனியில் சேர்ந்து, பட உரிமைகளைப் பெறும் வேலையைப் பார்த்தார்.

அந்தக் கம்பெனி 1991-ல் "டெர்மினேட்டர் 2" எந்திரத்தை வெளியிட்டது. ஸ்பிரிங் பிடிக்குப் பதில் துப்பாக்கி! விசையை இழுத்தால் குண்டு பாயும். நடிகர் அர்னால்டின் குரலும் கேட்கும். 1993-ல் வந்த "ஜுராசிக் பார்க்" எந்திரத்தில் டைனோசர் குனிந்து, குண்டைக் கவ்வி விழுங்கும்.

இந்த விளையாட்டிலும் "பூட்டு" உண்டு. குறிப்பிட்ட குழியில் விழுந்த குண்டு பூட்டப்படும். பூட்டுத் திறந்தால் எல்லாக் குண்டுகளும் ஒரே நேரத்தில் பாயும். கை இரண்டு, குண்டு மூன்று! ஆடுகிறவர் திணறிப் போவார்.

கை வேலை

வீட்டிலேயே டெலிவிஷனில் ஆடும் விளையாட்டுகள் பெருகின. எந்திரத்துக்குக் காசு போடுவோர் குறைந்தார்கள். 1999-ல் புதிய "ஸ்டார் வார்ஸ்" எந்திரத்தை வெளியிட்டும் பயன் இல்லை. அந்த ஆண்டே வில்லியம்ஸ் கம்பெனி பின்பால் தொழிலை நிறுத்தியது.

ஆனால், ஸ்டெர்ன் என்ற கம்பெனி தாக்குப் பிடித்தது. 2019-ல் "ஜுராசிக் பார்க்" எந்திரத்தைப் புதிதாகச் செய்து வெளியிட்டது. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

பின்பால் எந்திரத்துக்குள் ஆயிரக்கணக்கான பாகங்கள் உண்டு. அவற்றைத் தொழிலாளர்கள் கையால்தான் பொருத்துகிறார்கள். திண்டுக்கல் பூட்டும் அப்படித்தான்.