நிரலுக்கு மூன்று வாசல்

சி மொழி கற்கும் எவரும் முதலில் எழுதுவது, திரையில் ஒரு வரியை அச்சிடும் நிரலாகத்தான் இருக்கும். உண்மையில் அந்த நிரலுக்குத் திரை என்ற ஒன்றே தெரியாது. அது 1 என்ற எண்ணுக்கு எழுதுகிறது. அந்த எண் எதனோடு இணைந்திருக்கிறதோ, அங்கே எழுத்து போய்ச் சேருகிறது.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், வழக்கமாக ஒரு நிரல் தொடங்கும்போதே மூன்று வாசல்கள் திறந்திருக்கும்: 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச்செய்தி. கெடா தோட்டப்புறத்தாருக்கு இதைப் பால் ஸ்டோரை வைத்தே விளக்கலாம். வாளியில் வரும் ரப்பர் பாலைச் சல்லடையில் ஊற்றுவார்கள். பால் கீழே தொட்டியில் விழும். பட்டைத் துணுக்கும் குப்பையும் மேலே தங்கும். பால் யாருடைய வாளியில் வந்தது, கீழே இருப்பது எந்தத் தொட்டி என்பது சல்லடைக்குத் தெரிய வேண்டியதில்லை. பிழைச்செய்திக்குத் தனி வாசல் வைத்ததும், குப்பை பாலோடு கலக்கக்கூடாது என்பதற்காகவே.

வாளியையும் தொட்டியையும் மாற்றுவதுதான் திசைதிருப்பல். கட்டளை வரியில்,

மாற்றி < பழையது > புதியது

என்று எழுதினால், ஷெல் இரண்டு கோப்புகளையும் திறந்து, டூப்2 என்ற அழைப்பின் மூலம் அவற்றை 0, 1 ஆகிய எண்களில் பொருத்திவிட்டு, அதன் பிறகே ‘மாற்றி’ என்ற நிரலை ஓட்டும். நிரலுக்குள்ளிருந்தே மாற்ற வேண்டுமானால் சி மொழியின் ஃப்ரீஓப்பன் போதும். டூப்2-ஐ நாமே அழைப்பதானால், அதற்கு முன் எஃப்ஃப்ளஷ் செய்வது அவசியம். இல்லையேல் இடைநினைவில் தேங்கிய பழைய எழுத்துகள் புதிய கோப்பில் விழும். ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் உள்ளீடாக்கும் குழாய் முறை, டக் மக்கில்ராயின் யோசனைப்படி 1973இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனால் சேர்க்கப்பட்டது.

இதனால் தமிழுக்கு என்ன பயன்? யூனிகோடு பரவுவதற்கு முன், நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களில் திஸ்கி குறியீட்டில் ஏராளமாகத் தட்டச்சு செய்யப்பட்டது. நான் பயின்ற தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய விழா மலரும் அப்படியொரு கோப்புதான். இன்று திறந்தால் புரியாத குறிகளே தெரியும். தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டது, லயங்களும் இல்லை. அங்கே படித்தவர்களின் பெயர்ப் பட்டியல் அந்தக் குறிகளுக்குள்தான் இருக்கிறது.

திஸ்கியில் ‘கெ’ என்பதற்குக் கொம்பு முன்னே வரும். யூனிகோடில் ‘க’ முன்னே வரும். ஆகவே மாற்றும் நிரல் கொம்பைப் பிடித்து வைத்து, அடுத்த எழுத்தைப் பார்த்த பின்பே வெளியிட வேண்டும். லினக்ஸில் உள்ள ஐகான்வ் என்ற நிரல் திஸ்கியை அறியும். 0இல் படித்து 1இல் எழுதக்கூடிய அந்த ஒரே நிரல், ஒரு மலருக்கும் நூறு மலருக்கும் போதும்.

ஓர் எச்சரிக்கை: < குறிக்கும் > குறிக்கும் ஒரே கோப்பின் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். நிரல் ஓடுவதற்கு முன்பே ஷெல் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடும். பழைய வட்டு கையில் கிடைத்தால், முதலில் ஒரு நகல் எடுங்கள், பிறகு மாற்றுங்கள்.