மூன்றில் ஒரு பங்கு மூச்சில் எவரெஸ்ட் உச்சி! தெரியுமா?

ஒலுவில் வெளிச்சவீட்டுப் பக்கம் கடற்கரையில் நின்று நன்றாக ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். இதே மூச்சை 8,848 மீற்றர் உயர எவரெஸ்ட் உச்சியில் இழுத்தால் எவ்வளவு ஒட்சிசன் உள்ளே போகும் தெரியுமா? மூன்றில் ஒரு பங்குதான்!

இத்தனைக்கும் அங்கேயும் காற்றில் ஒட்சிசன் அதே 21 சதவீதம்! குறைவது அழுத்தம். கரையில் அது 760 மில்லிமீற்றர் இரசம். உச்சியில் வெறும் 253! 1981இல் கிறிஸ் பிஸ்ஸோ என்ற மருத்துவர் உச்சிக்கே கருவியைச் சுமந்துபோய் அளந்த கணக்கு இது!

நம்மில் ஒருவரைக் கரையிலிருந்து தூக்கி நேரே அங்கே நிறுத்தினால்? இரண்டு மூன்று நிமிடத்தில் நினைவு தப்பிவிடும்!

அப்படியானால் ஒட்சிசன் சிலிண்டர் இல்லாமல் முதலில் ஏறியவர்கள் யார் தெரியுமா? ரைன்ஹோல்ட் மெஸ்னர், பீட்டர் ஹபேலர். 1978 மே 8. மூளை கெட்டுவிடும் என்று எத்தனையோ பேர் பயமுறுத்தினார்கள். அந்தப் பயத்திலேயே ஹபேலர் உச்சியிலிருந்து சவுத் கோல் முகாமுக்கு ஒரே மணித்தியாலத்தில் இறங்கி வந்துவிட்டார்! மெஸ்னருக்கோ 1970இல் நங்கா பர்பத் மலையிலேயே ஏழு கால்விரல்கள் போயிருந்தன! மிச்சமிருந்த விரல்களோடு 1980இல் தன்னந்தனியாகவும் எவரெஸ்ட் ஏறினார், அதுவும் சிலிண்டர் இல்லாமல்!

நம் நாட்டுக் கதை தெரியுமா? 2016 மே 21இல் எவரெஸ்டைத் தொட்ட முதல் இலங்கையர் ஒரு பெண்! பெண்ணுரிமைக்காக உழைக்கும் ஜயந்தி குரு உதும்பால. கூடப் போன யொஹான் பீரிஸ் சிகை அலங்காரக் கலைஞர். இருவரும் சிலிண்டரோடு போனவர்கள்தான். ஆனால் 8,400 மீற்றரில் யொஹானுக்கு ஒட்சிசன் போதாமல் போனது. உச்சிக்கு இன்னும் ஏறக்குறைய 450 மீற்றர்தான்! திரும்பிவிட்டார். அந்த இடத்தில் திரும்ப எவ்வளவு மனத்திடம் வேண்டும்! விட்டாரா? 2018 மே 22இல் மறுபடி போய் உச்சியில் நின்றார்!

அந்த 8,400 மீற்றரில் மனித இரத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? கொரோனாக் காலத்தில் வாப்பாவின் விரலில், இரத்தத்தின் ஒட்சிசன் சதவீதத்தைக் காட்டும் அந்தச் சின்னக் கருவியை மாட்டிவிட்டு வீடே அதன் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 88 என்று காட்டியதும் உம்மா அழத் தொடங்கிவிட்டார். 2007இல் பிரித்தானிய மருத்துவர்கள் எவரெஸ்டிலிருந்து இறங்கும் வழியில், அதே 8,400 மீற்றரில், முகமூடியைக் கழற்றிவிட்டுத் தங்கள் இரத்தத்தையே எடுத்தார்கள். உறைபனிக் குளிரில் கால்சட்டையைத் தளர்த்தி, தொடைநாடியில் ஊசி போட்டு! ஷெர்பா ஒருவர் அதைச் சுமந்துகொண்டு 6,400 மீற்றர் முகாமுக்கு ஓடினார். நான்கு பேரின் சராசரி எவ்வளவு தெரியுமா? 54! ஒருவருக்கு 34! அந்த எண்ணோடு அவர் நடந்து இறங்கியிருக்கிறார்!

பாபு சிரி ஷெர்பா 1999இல் உச்சியிலேயே கூடாரம் அடித்து, சிலிண்டர் இல்லாமல் 21 மணித்தியாலம் இருந்தார்! பெரும்பாலானவர்கள் அங்கே சில நிமிடங்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

எல்லோரையும் மிஞ்சியவர் யார் தெரியுமா? ‘பனிச்சிறுத்தை’ அங் ரிதா ஷெர்பா! சிலிண்டர் இல்லாமல் ஒருமுறை இருமுறை அல்ல, 10 முறை! அதில் ஒன்று 1987 டிசம்பர் 22, கடுங்குளிர்காலம். குளிர்காலத்தில் அங்கே அழுத்தம் இன்னும் குறையும், காற்று இன்னும் மெலியும்! அந்தப் பயணத்தில் உச்சிக்குச் சற்றுக் கீழே அவரும் ஒரு கொரிய வீரரும் வழி தவறிவிட்டார்கள். கூடாரமும் இல்லை. உறைந்து போகாமல் இருக்க இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? இரவு முழுக்க, விடியும்வரை, உடற்பயிற்சி!